எலிக்கிட்டியை டிவியில் காட்டிய நாள்

"அண்ணி, மாமா இப்பல்லாம் டிவிகிட்ட தன் பேரையே சொல்லிக்கிட்டு உக்காந்திருக்காரு. தினம் மத்தியானம் இதே வேலை. நான் கேட்டா ஒண்ணுமில்லைங்கிறாரு. நீங்க கேட்டாலாச்சும் சொல்றாரான்னு பாருங்க" என்றாள் ஷோபனா.

கல்லறைத் திருநாளுக்காக விண்ணரசி திருவாரூரிலிருந்து வந்திருந்தாள். வருடத்தில் இந்த ஒரு நாள்தான் அவளுக்கும் பிறந்த ஊருக்கும் பேச்சுவார்த்தை. அப்பா அம்மா கல்லறையில் புல் செதுக்கி, மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மழைக்கு முன்னால் பஸ் பிடித்துவிடலாம் என்று கிளம்பியவளை ஷோபனா தெருமுனையில் மறித்துக் கையோடு கூட்டிவந்துவிட்டாள். ஷோபனா பக்கத்து வீட்டு வைரக்கண்ணுவின் மருமகள். வைரக்கண்ணு விண்ணரசிக்கு ரத்த உறவு இல்லை, வேதமும் வேறு. ஆனாலும் அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவர் சித்தப்பா. நான்கு வருடத்துக்கு முன்னால் இறந்துபோன அவர் மனைவி பிரகதாம்பாள், சித்தி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகன் ராஜராஜன், தம்பி. தெருவில் அப்படித்தான் எழுதாத பட்டா.

விண்ணரசி கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு டிவி. அதற்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சித்தப்பா. எழுபது வயதிலும் ஆள் தென்னை மரம்தான், கொஞ்சம் சாய்ந்த தென்னை. ரிமோட்டை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தாலுகா ஆபீசில் பெயர் கொடுப்பது போல நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"வைரக்கண்ணு. எலிக்கிட்டி. கொடைக்கானல்."

டிவி கொஞ்சம் யோசித்துவிட்டு எலி மருந்து விளம்பரம் ஒன்றையும், கொடைக்கானல் ஏரியையும், யாரோ ஒரு வைரக்கண்ணு வீட்டுக் காதுகுத்தையும் காட்டியது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி ரிமோட்டைத் தூக்கினார். வாசலில் நிழல் தெரிந்ததும் சட்டென்று அதைத் துண்டுக்கு அடியில் ஒளித்தார்.

"அட, விண்ணு! வாம்மா, வா. கல்லறைக்குப் போயிட்டு வர்றியா? உங்கப்பா வாத்தியாருக்கு என் பேர்ல ஒரு வத்தி வச்சியா?"

"வச்சேன் சித்தப்பா."

ஷோபனா காபி போட உள்ளே போனாள். போகிற போக்கில், "உங்க தம்பி லீவுல வந்தப்ப சொல்லிட்டுப் போனாரு அண்ணி. பழைய காலத்துல டிவியில வந்ததெல்லாம் இதுக்குள்ள இருக்கு, பேரைச் சொன்னா வரும்னு. அன்னிலேருந்து இப்படித்தான்" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

எலிக்கிட்டி என்ற சொல்லோடு விண்ணரசிக்கு ஒரு கணக்கு பாக்கி இருந்தது. முப்பத்தேழு வருடம் ஒருவரிடமும் சொல்லாத விஷயம் அது. பாவங்களை ஒப்பிக்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட அதை மட்டும் தாண்டிப் போய்விடுவாள்.

அந்தக் காலத்தில் தெருவுக்கே ஒரு டிவிதான், அது விண்ணரசி வீட்டு டிவி. அவள் அப்பா மதலைமுத்து வாத்தியார் நாகப்பட்டினத்திலிருந்து வாடகைக் காரில், பச்சைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் பெட்டி. இழுத்து மூட மரக்கதவு உண்டு, கதவுக்குப் பூட்டு உண்டு, சாவி அப்பாவின் இடுப்பில். கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் திரைக்கு முன்னால் நீலத் தாள் ஒன்றை மாட்டியிருந்தார். அதனால் கதாநாயகன், கதாநாயகி, செய்தி வாசிப்பவர் எல்லோரும் விஷம் குடித்தவர்களைப் போல நீலம் பாரித்தே இருப்பார்கள். அதையும் வாய் பிளந்து பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் என்றால் மூன்று மணிக்கே ஊர் கூடிவிடும். அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று, கால் கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது. வயலிலிருந்து நேராக வந்தவர்கள் சேற்றுக்காலோடு கிணற்றடியில் வரிசை நிற்பார்கள். கூடத்தில் அறுபது பேர், ஜன்னலில் இருபது பேர். கரண்ட் போனால் மின்சார இலாகாவின் ஏழு தலைமுறைக்கும் அர்ச்சனை. தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று பெட்டியில் எழுத்து விழுந்தால் அதையும் அரைமணி நேரம் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். எழுந்து போனால் உட்கார இடம் போய்விடுமே!

இவ்வளவு கூட்டத்தில் வீட்டுக்காரப் பெண்ணுக்கு மட்டும் இடம் கிடையாது. விண்ணரசியின் இடம் கூரை.

ஆன்டெனாவை நட்ட மெக்கானிக், தரையிலிருந்து நட்டால் இரண்டு பைப் வேண்டும், ஒரே பைப்பில் முடிக்கலாம் என்று கூரை முகட்டில் கிளாம்பு போட்டு நிறுத்திவிட்டுப் போயிருந்தான். கிளாம்பு இரண்டே மாதத்தில் தளர்ந்தது. லேசாகக் காற்றடித்தாலும் ஆன்டெனா தன் இஷ்டத்துக்குத் திரும்பும். மேற்கே பார்த்தால் கொடைக்கானல் டிவி நிலையம், அதாவது நம் தமிழ். கிழக்கே பார்த்தால் இலங்கை, சிங்களத்தில் யாராவது உருக்கமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவில் நின்றால் வெறும் புள்ளி, முறத்தில் குருணை புடைத்த மாதிரி. ஆகவே யாராவது மேலே நின்று பைப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாட்டு ஓடு பெரியவர்கள் எடை தாங்காது. பதினோரு வயது விண்ணரசி ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். முடிந்தது தீர்ப்பு.

"வருதா?" என்று மேலிருந்து அவள் கத்துவாள்.

"வருது, வருது... போச்சு! இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே புடி. விடாதே!"

அந்த 'விடாதே'யில்தான் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின. படங்களைக் காதால் பார்த்தாள். ஓட்டுக்கு அடியில் மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டால் கதையில் அம்மா செத்துவிட்டாள். விசில் கேட்டால் சண்டை. நிசப்தமாக இருந்தால் கதாநாயகி குளிக்கிறாள், வாத்தியார் எழுந்து நின்று திரையை மறைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. மேலே நின்றால் வெட்டாறு தெரியும், கோயில் மணிக்கூண்டு தெரியும், கொக்குகள் வரிசையாக வீடு திரும்புவது தெரியும். அறுபது பேருடைய சந்தோஷத்தைத் தன் ஒரு கையில் பிடித்திருக்கிறோம் என்ற திமிரும் இருந்தது. அப்பேர்ப்பட்ட திமிர் பிறகு அவளுக்கு எந்த வேலையிலும் வாய்க்கவில்லை.

அப்படியிருக்க, ஒரு ஆவணி மாதத்தில் விவசாய நிகழ்ச்சிக்காரர்கள் கேமராவோடு ஊருக்கு வந்தார்கள். குறுவைப் பயிரில் எலி அழிக்க மூங்கில் வில்லும் கயிறும் வைத்துக் கிட்டி போடுவதை யார் நன்றாகச் செய்வார்கள் என்று விசாரித்தார்கள். ஊர் ஒரே குரலில் வைரக்கண்ணு என்றது. முப்பது வயதைத் தாண்டிய குத்தகை விவசாயி. அவர் கட்டிய கிட்டியில் ஒரு ராத்திரிக்கு நாற்பது எலி விழும். அவரிடம் நல்ல சட்டை இல்லை என்று வாத்தியார் தன் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தார். ஒல்லி வாத்தியாரின் முழுக்கைச் சட்டை, நெடிய சித்தப்பாவுக்கு முழங்கையோடு நின்றுவிட்டது. வரப்பில் நிற்கவைத்து எடுத்தார்கள். கேமராவுக்குள் யாரும் வரக்கூடாது என்று ஊர் சனத்தை நூறடி தள்ளி நிறுத்தியிருந்தார்கள்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, ஆறரை மணிக்கு ஒளிபரப்பு. அன்று வந்த கூட்டம் எந்தப் படத்துக்கும் வந்ததில்லை. விண்ணரசி கூரையில். நல்ல காற்று. உரம், பூச்சி, ஏதோ ஒரு பழத்தோட்டம் என்று நிகழ்ச்சி போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று ஓட்டுக்கு அடியிலிருந்து சித்தப்பாவின் குரல் பெட்டி வழியாக வந்தது. "வணக்கம். என் பேரு வைரக்கண்ணு."

பார்க்காமல் எப்படி இருப்பாள்? தோளில் ஏற்றிக்கொண்டு தேருக்குக் கூட்டிப்போன சித்தப்பா டிவிக்குள் இருக்கிறார். ஒரே ஒரு நிமிடம் என்று பைப்பை விட்டாள். ஏணியில் சறுக்கி இறங்கிக் கொல்லைக் கதவு வழியாகக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். அதற்குள் ஆன்டெனா திரும்பிவிட்டது. பெட்டியில் குருணை.

"விண்ணு! திருப்பு! ஏ விண்ணு!" என்று அறுபது பேர் கூரையைப் பார்த்துக் கத்தினார்கள். எல்லோரையும்விட அப்பாதான் பலமாகக் கத்தினார். வெளியே ஓடினால் தெரிந்துவிடும். நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். 'மாதாவே, படம் வந்துடணும். வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்.'

வந்தது! காற்றில்லாத குளத்தைப் போல அப்படியே தெளிந்து நின்றது, கடைசிவரை அசையவில்லை.

மறுவருடம் கொடியேற்றத்துக்கு அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தாள். கால் கொப்பளித்தது. எதற்கு நேர்த்தி என்று அம்மா கேட்டதற்குப் பரீட்சை என்று சொன்னாள். ஆனால் ஒரு உறுத்தல் மட்டும் போகவே இல்லை. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு வைரக்கண்ணு சித்தப்பா அவர்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வரவேயில்லை. ஒரு ஞாயிறுகூட வரவில்லை. தன்னால் அவருடைய நிகழ்ச்சியின் ஆரம்பம் போய்விட்டது, அந்தக் கோபம்தான் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விண்ணரசி இப்போது அதைச் சொல்லிவிட்டாள்.

"சித்தப்பா, அன்னிக்கு காத்துல திரும்பல. நான்தான் பைப்பை விட்டுட்டு இறங்கிட்டேன். உங்களைப் பார்க்கணும்னு. என்னாலதான் ஆரம்பம் போச்சு. மன்னிச்சிடுங்க."

"தெரியும்" என்றார் அவர்.

"தெரியுமா?"

"நீ எறங்கினதை நான்தான் பாத்தேனே. கூடத்துல முன்னாடி உக்காரச் சொன்னாரு வாத்தியாரு. எனக்கு வெக்கம். ஆரம்பிக்கட்டும், அப்புறம் உள்ள போவோம்னு கெணத்தடியில நின்னுகிட்டிருந்தேன். நீ அணிலாட்டம் எறங்கி ஓடுற, ஆன்டெனா பின்னாலேயே சுத்துது."

"கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டா வாத்தியாரு காதுல விழும். பிரம்பு உடையும். சரின்னு நானே ஏறிட்டேன்."

விண்ணரசிக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. அந்த ஐப்பசி மழையில் வீடு முகட்டில் ஒழுகியது. ஏறிப் பார்த்தால் வரிசையாகப் பதினான்கு ஓடு நொறுங்கிக் கிடந்தது. குரங்கு வேலை என்றார் அப்பா. அந்த ஊரில் குரங்கே கிடையாது. கேட்காமல் கொள்ளாமல் சூளையிலிருந்து ஓடு கொண்டுவந்து, வெளியே ஏணியைச் சாத்தி ஒவ்வொன்றாக மாற்றிக் கொடுத்தவர் இதே சித்தப்பா.

"அப்ப படம் வந்தது..."

"நான் புடிச்சிருந்தேன். அப்பளம் நொறுங்குற மாதிரி காலுக்குக் கீழ ஓடு நொறுங்குது. நான் அசையல. முடிஞ்சதும் எறங்கி நேரா வீட்டுக்குப் போயிட்டேன்."

"நான் மாதான்னு நெனச்சு வேளாங்கண்ணிக்கு நடந்தே போனேன் சித்தப்பா!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"போனா என்ன, நல்லதுதானே. என்னை ஏத்திவிட்டது யாரு? அந்த மாதாவாத்தான் இருக்கும்" என்றார் அவர். ஆனால் சிரிக்கவில்லை. துண்டுக்கு அடியிலிருந்து ரிமோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரே பார்த்த நிகழ்ச்சியை அவர் ஒருவர்தான் பார்க்கவில்லை.

"அதனாலதான் இதுல தேடுறீங்களா? உங்களை நீங்க பாக்கலைங்கிறதுக்காகவா?"

"என் மூஞ்சியைப் பாத்து என்ன ஆவப்போவுது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஷோபனா அடுக்களையில் பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள். "விண்ணு, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. நான் மேல நிக்கிறேன். கீழே என் குரல் கேக்குது. கிட்டியை எப்படி வளைக்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கேன். திடீர்னு எல்லாரும் சிரிச்சீங்க. கொல்லுனு. ஒரு தடவை இல்லை, விட்டு விட்டு. எதுக்கு?"

விண்ணரசி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வாத்தியாரு சட்டை எனக்குப் பத்தலை. பாத்துச் சிரிச்சாங்களா? எலி புடிக்கிறவன்லாம் டிவியில பேச வந்துட்டான்னு சிரிச்சாங்களா? யாரைக் கேக்குறது? கேட்டா நான் பாக்கலைன்னு தெரியும், நீ எறங்கினதும் தெரியும். உங்க சித்தி வேற. அன்னிக்கு ராத்திரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் படுத்தா. அதுக்கப்புறம் யாராச்சும் டிவி பேச்சை எடுத்தா, போதும் அந்தப் பேச்சை விடுங்கன்னு எழுந்து போயிடுவா. சரி, நம்மால அவளுக்கு அவமானம்னு நானும் கேக்கல. ஊருக்குள்ள எலி புடிக்கக் கூப்பிட்டாலும் போறதை விட்டுட்டேன்."

முப்பத்தேழு வருடம்!

"ஐயோ சித்தப்பா. உங்களைப் பாத்து யாரும் சிரிக்கல."

"சமாதானம் சொல்லாதே."

"மாதா மேல சத்தியம். சிரிச்சது சித்தியைப் பாத்து."

அவர் நிமிர்ந்தார்.

"நீங்க வரப்புல குனிஞ்சு கிட்டியைக் காட்டிக்கிட்டிருக்கீங்க. பின்னாடி வாய்க்கால் மதகு தெரியுது. சித்தி அங்கேருந்து வருது, தலையில கஞ்சிச் சட்டி. எல்லாரையும் தள்ளி நிறுத்தினாங்கல்ல, சித்தி அந்தப் பக்கத்திலிருந்து வந்திடுச்சு. கேமராவைப் பாத்துட்டு அப்படியே நின்னுடுச்சு. போகவும் இல்லை, வரவும் இல்லை. நீங்க பேசப் பேச, நீங்க பேசுறதையே பாத்துக்கிட்டு நிக்குது. நீங்க வில்லை வளைச்சா சித்தியும் இப்படிக் கையை வளைக்குது. நீங்க கயித்தை இழுத்துக் கட்டுறீங்க, சித்தி பல்லைக் கடிக்குது. கயிறு எங்கே அறுந்துடுமோன்னு." விண்ணரசி எழுந்து நின்று, தலையில் இல்லாத சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் செய்து காட்டினாள். "கடைசியில கிட்டி சரியா விழுந்துச்சு பாருங்க, படக்குனு. சித்தி ஒரு சிரிப்பு சிரிச்சுது. அவ்வளவு பெருமை மூஞ்சியில. அதைப் பாத்துத்தான் சித்தப்பா எல்லாரும் சிரிச்சோம்."

அவர் ரிமோட்டை மடியில் வைத்தார்.

"அன்னிக்கு ராத்திரி சித்தி எங்க வீட்டு அடுப்படியில வந்து அம்மாகிட்ட அழுதுச்சு. அவரு பேசினதை நான் குறுக்க நின்னு கெடுத்துட்டேன்க்கா, அவரு கோவத்துல ஒண்ணுமே கேக்கலன்னு. அம்மா பொம்பளைங்க எல்லார்கிட்டயும் சொல்லிவச்சாங்க, வைரக்கண்ணு தம்பி முன்னாடி யாரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு. நீங்க பாத்துட்டீங்கன்னுதானே எல்லாரும் நெனச்சோம்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒருத்தி அவமானத்தில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படுத்தாள், ஒருத்தர் அவமானத்தில் கேட்காமல் இருந்தார். ஒரே பாயில் முப்பத்து மூன்று வருடம்.

"என்ன சேலை கட்டியிருந்தா?" என்று கேட்டார் சித்தப்பா.

"கலர் தெரியாதே சித்தப்பா. கறுப்பு வெள்ளைப் பொட்டி, மேல நீலத் தாளு வேற. பெரிய பெரிய கட்டம் போட்ட சேலை."

"கட்டமா? அப்ப அரக்கு. அரக்குல மஞ்சக் கட்டம். முதல் பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்தது." கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "சட்டி தூக்கறதுக்கு அதைக் கட்டமாட்டா. கேமரா வருதுன்னு கட்டியிருக்கா."

ஷோபனா வந்து, "அண்ணி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னீங்களே" என்றாள். அடுத்த பஸ்ஸுக்குப் போய்க்கொள்கிறேன் என்று விண்ணரசி மறுபடி உட்கார்ந்தாள்.

சித்தப்பா ரிமோட்டை எடுத்தார். வாய்க்கு நேராகப் பிடித்தார். தன் பெயரைச் சொல்லவில்லை.

"பிரகதாம்பாள்" என்றார்.

டிவி கொஞ்சம் யோசித்தது. பிறகு ஊர் ஊராக அந்தப் பெயரில் இருக்கும் அம்மன் கோயில்களைக் காட்டியது, கும்பாபிஷேகம், தேர், பால்குடம். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.